கட்டுச்சோற்றோடு பிறக்கும் கடல் நத்தை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களில் ஒருவருக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இருக்கிறது.

போன மாதம் சிங்கப்பூரிலிருந்து பேரன் வீடியோ காலில் கூப்பிட்டான். கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீர் வைத்துக் கடல் மீன் வளர்க்கிறான். கண்ணாடியில் படரும் பாசியைத் தின்பதற்காக நான்கு ட்ரோக்கஸ் நத்தைகளை வாங்கி விட்டிருந்தான். கவிழ்த்து வைத்த பம்பரம் போல இருக்கும்.

"ஆச்சி, கண்ணாடில கடுகு கடுகா என்னமோ ஒட்டிருக்கு. தொடைச்சிரட்டா?"

"இருய்யா, தொடைக்காத. லென்ஸ வச்சுப் பாரு" என்றேன்.

பார்த்தான். ஒவ்வொரு கடுகும் கூம்பு ஓட்டைச் சுமந்துகொண்டு நகர்ந்துகொண்டிருந்தது. எல்லாம் குட்டிகள். அவன் குதித்தான். எனக்கு மட்டும் 1986 ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அந்த வருஷம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைத் தூத்துக்குடிக்குச் சுற்றுலா கூட்டிப் போனேன். எட்டயபுரம் வழியாக அறுபது கிலோமீட்டர். கரிசல் காட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் அன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார்கள். "சிப்பி, நத்தை ஓடு பொறுக்குங்க, அறிவியல் அலமாரிக்கு வேணும். பளபளன்னு நல்லா இருக்கறதா எடுங்க" என்று சொன்னேன். பளபளப்பாக இருந்தவை உயிரோடு இருந்தவை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் வகுப்பறையில் ஒரே நாற்றம். வெந்நீரில் போட்டு, ஊக்கால் சதையைக் குத்தியெடுத்து, ஓடுகளைப் பாட்டிலில் அடைத்துப் பெயர்ச்சீட்டு ஒட்டினோம். அப்போது ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "டீச்சர், இதுக்குள்ள இருந்தது எங்க?" "செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

இந்த ஒரு மாதமாகப் படித்துப் பார்த்ததில், அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய வரலாறே இருக்கிறது என்று தெரிந்தது.

நம் பகுதிக் கடலில் ஓட்டுயிர்களை எடுப்பது ஈராயிரம் ஆண்டுத் தொழில். பாண்டியர்களின் கொற்கையில் முத்து எடுத்ததைக் கிரேக்கக் கடல் பயணக் குறிப்பான பெரிப்ளஸ் சொல்கிறது. கொற்கை மண்ணில் அறுத்த சங்குத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. பிற்காலத்தில் தூத்துக்குடிச் சங்கு வளையல் செய்வதற்காக வங்காளம் போனது. ஜேம்ஸ் ஹார்னெல் என்ற மீன்வளத் துறை அதிகாரி, இந்தியாவின் புனிதச் சங்கைப் பற்றி 1914இல் ஒரு முழு நூலே எழுதினார்.

அந்தச் சங்கு குளிப்பில் ஒரு நல்ல விதி இருந்தது. எடுத்த சங்கை ஓர் அளவு வளையத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஏறத்தாழ 2¼ அங்குலத் துளைக்குள் நுழைந்து விழுந்தால் அது சின்னச் சங்கு, உயிரோடு திரும்பக் கடலுக்குப் போய்விடும். நம் வீடுகளில் கம்பும் சோளமும் குலுக்கையில் கொட்டும்போது விதைக்குத் தனியாக எடுத்து வைப்பார்களே, அது மாதிரி. ஆனாலும் அது மிச்சம் விடுவதுதான், விதைப்பது இல்லை.

ட்ரோக்கஸுக்கு அந்த மிச்சமும் கிடைக்கவில்லை. இந்த நத்தையின் ஓட்டுக்குள் முத்துப் போன்ற பளபளப்பு உண்டு. அதை வட்டமாக வெட்டிச் சட்டைப் பொத்தான் செய்தார்கள். இதற்காகவே அந்தமான் கடலில் ஜப்பானியப் படகுகள் வந்து அள்ளின. 1930களில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எச். ஸ்ரீனிவாச ராவ் அங்கேயே அதன் வளர்ச்சியையும் வாழ்நாளையும் ஆராய்ந்து எழுதினார். பிறகு பிளாஸ்டிக் பொத்தான் வந்தது, கிராக்கி குறைந்தது. அதற்குள் பல தீவுகளில் நத்தை அருகிவிட்டது. வேறு தீவிலிருந்து கொண்டுவந்து விட்டும் பார்த்தார்கள். 1957இல் ஃபிஜியிலிருந்து குக் தீவுகளின் ஐடுடாகிக்குக் கொண்டுபோன ட்ரோக்கஸ் அங்கே பெருகியது. அதுவும் நாற்றைப் பிடுங்கி நடுகிற வேலைதான். விதையிலிருந்து வளர்க்க அப்போது யாருக்கும் தெரியாது.

தெரிந்தது 1980களை ஒட்டித்தான். பசிபிக் கடலில் பலாவ் என்ற சின்னத் தீவு நாடு. அங்குள்ள கடல்வளர்ப்பு மையத்தில் ஜெரால்ட் ஹெஸ்லிங்கா குழுவினர் தொட்டியில் ட்ரோக்கஸை முட்டையிடச் செய்து, குஞ்சாக வளர்த்து, 1981இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதே 1981இல் நம் தூத்துக்குடியிலும் ஒரு சாதனை நடந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்தில், கே. அழகர்சாமி தலைமையிலான குழு முத்துச்சிப்பியைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைத்தது. கடலிலிருந்து அள்ளிக்கொண்டே இருந்த ஊர், முதல் தடவையாக விதை உற்பத்தி செய்தது.

இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு சுவையான வித்தியாசம் தெரியும். முத்துச்சிப்பியின் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவில் மூன்று வாரத்துக்கும் மேலாகத் தண்ணீரில் மிதக்கும். அத்தனை நாளும் அதற்குச் சாப்பாடு போட வேண்டும். அதற்கென்றே நுண்பாசியைத் தனியாகக் குடுவைகளில் வளர்த்து ஊட்டினார்கள். வீட்டுத் தொட்டியில் இது நடக்காத காரியம்.

ட்ரோக்கஸ் அப்படி இல்லை. ஆண் நத்தை விந்தைப் புகை போலத் தண்ணீரில் விடும். பெண் நத்தை முட்டைகளை விடும். பெரும்பாலும் இரவில் நடக்கும். வெளிவரும் குஞ்சு தாய் கொடுத்த மஞ்சள் கருவை உடம்பிலேயே வைத்திருக்கும். அதுதான் அதன் கட்டுச்சோறு. மூன்று நான்கு நாள் அதை வைத்தே நீந்திவிட்டு, பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் மெல்லிய பாசிப் படலம் இருந்தால் மேய ஆரம்பிக்கும். இல்லையென்றால் பட்டினிதான். ஆக, பெரிய நத்தைக்கு வேலை கொடுக்கும் பாசியே குட்டிக்குத் தாய்ப்பால் மாதிரி.

இதைப் பேரனிடம் சொன்னபோது அவனுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. "ஆச்சி, ரெண்டு மாசம் முன்னாடி ஒரு நாள் காலைல தண்ணி பால் மாதிரி கலங்கிருந்துச்சு. மீனுக்கு ஆகாதேன்னு பாதித் தண்ணிய மாத்திட்டேன்." பாதிப் பிள்ளைகளைச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறான்! மிச்சத்தில் பம்பு உறிஞ்சியது போக, மீன் தின்றது போக, கண்ணாடியில் பதினேழு மிஞ்சியிருந்தது. இப்போது பின்பக்கக் கண்ணாடியைத் துடைப்பதே இல்லை. ஆவியான தண்ணீருக்குப் பதில் நல்ல தண்ணீர் மட்டுமே ஊற்றுகிறான். ஆவியாவது தண்ணீர்தானே, உப்பு அப்படியே நின்றுவிடும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்ற அளவு மாறக் கூடாது. தொட்டியில் தெரியும் குட்டி நத்தை எல்லாமே ட்ரோக்கஸ் என்றும் நினைக்காதீர்கள். வளர்ந்த பிறகும் கடுகாகவே இருக்கும் இனங்களும் உண்டு. இவை வளர்ந்து கூம்பில் சிவப்புக் கோடு விழுந்த பிறகுதான் நாங்கள் உறுதி செய்தோம்.

நாங்கள் பொறுக்கிய அந்த 1986இல்தான் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001இல் பெரிய ட்ரோக்கஸ் உட்படப் பல ஓட்டுயிர்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் வந்தன. அதனால் நம் ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடலில் போய்ப் பிடித்து வந்து வளர்க்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள்.

அம்மா, அன்று கேள்வி கேட்டவளே, இதைப் படிக்கிறாயா? உன் கேள்விக்குச் சரியான பதில் இதுதான். அதற்குள் இருந்தது செத்துப்போகவில்லை, நான் கொன்றேன். நீங்கள் எல்லாம் நான் சொன்னதைத்தான் செய்தீர்கள். அது முட்டையிடும் வயதில் இருந்ததா, எத்தனை குட்டிக்குக் கட்டுச்சோறு கட்டி வைத்திருந்தது என்று யோசிக்க எனக்கு அன்று தெரியவில்லை. தெரியாமல் பாடம் நடத்தியது என் தவறு.

பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். ஓட்டை எடுத்ததும் திருப்பி வாயைப் பாருங்கள். உள்ளே மூடியோ சதையோ நண்டுக் காலோ தெரிந்தால், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். ஏன் வைக்கிறோம் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

அந்தச் சுற்றுலாவுக்கு வந்த யாராவது இருந்தால் கீழே ஒரு வரி எழுதுங்கள். உங்கள் டீச்சருக்கு உங்கள் முகமெல்லாம் ஞாபகம் இருக்கிறது.