டேங்க் கிளீனர்: ஒரே பெயரில் வந்த பல மீன்களும் நான் செய்த ஒரு தவறும்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். 90களில் என்னிடம் படித்தவர். இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. "சார், பொண்ணுக்குத் தொட்டி வாங்கினப்போ பாசி தின்னும்னு இந்த டேங்க் கிளீனரையும் கொடுத்தாங்க. சின்ன ஜாதி, வளராதுன்னாங்க. ஒரு வருஷத்துல அரை அடியைத் தாண்டிடுச்சு. நம்ம ஏரியில விட்டுடலாமா சார்?" என்று கேட்டிருந்தார்.

கடைசி வரியைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால், அப்படிச் செய்யலாம் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

அந்த வகுப்பில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஜன்னலோரம் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று வைத்திருந்தோம். சிறுவயதில் நான் மூர் மார்க்கெட்டில் கண்ணாடிப் பாட்டிலில் மீன் வாங்கி வந்தவன். 1985 மே மாதத் தீயில் அந்தக் கட்டடம் போய்விட்டது. இன்று கும்மிடிப்பூண்டி ரயில் ஏறும் மூர் மார்க்கெட் வளாகம் நிற்பது அந்த இடத்தில்தான். பிறகு மீன் வாங்கக் கொளத்தூர் போனோம். வீட்டுக்கு வீடு சிமெண்ட் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்த்த ஊர் அது. அங்கே வாங்கிய கப்பி, மோலியோடு விரல் நீளத்தில் ஒரு டேங்க் கிளீனரும் வந்து சேர்ந்தது.

மூன்று வருடத்தில் அது ஒரு அடி ஆனது. தொட்டிக்குள் திரும்பக்கூட இடமில்லை. ஒரு சனிக்கிழமை மாலை உங்களில் சிலர் வாளியைத் தூக்கிவர, ஊர் ஏரியில் கொண்டுபோய் விட்டோம். வள்ளலார் பெயரைச் சொல்லி ஜீவகாருண்யம் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். நீங்கள் கைதட்டினீர்கள்.

ஓய்வு பெற்றபின் ஒருநாள் அதே ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். வலை போட்டவர் ஒருவர் வலையைப் பிரித்து உட்கார்ந்திருந்தார். சிக்கியதில் பாதிக்கு மேல் கருப்பாக, முரட்டு ஓட்டோடு இந்த மீன்தான். "இதை யாரும் வாங்க மாட்டாங்க சார். முள்ளு மாட்டினா வலையை அறுத்துத்தான் எடுக்கணும்" என்றார். என் ஒரு மீனால்தான் இத்தனையும் என்று சொல்லமாட்டேன். ஆனால் என்னைப் போல எத்தனை பேர் எத்தனை வாளியோடு வந்தார்களோ!

வரலாற்று வாத்தியாருக்கு மீனைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். மீனைவிட அதன் பெயரின் வரலாறுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. தவறு பெயரில்தான் தொடங்குகிறது.

தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் இந்தக் குடும்பத்து மீன் ஒன்றுக்கு 1758-இல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் பெயர் வைத்தார். உடம்பெல்லாம் எலும்புத் தகடு இருந்ததால் ஸ்டர்ஜன் மீனின் இனத்தில் சேர்த்துவிட்டார். உண்மையில் இது நம் கெளுத்தியின் தூரத்து உறவு. அவர் கொடுத்த 'பிளெக்கோஸ்டோமஸ்' என்ற சொல்லுக்கு 'மடிந்த வாய்' என்று கிரேக்கத்தில் பொருள். அதைச் சுருக்கித்தான் உலகம் முழுக்க 'பிளெக்கோ' என்கிறார்கள். அந்த முதல் மீனின் இன்றைய பெயர் ஹைப்போஸ்டோமஸ் பிளெக்கோஸ்டோமஸ்.

ஆனால் கடைகளில் பிளெக்கோ என்று இன்று விற்பது பெரும்பாலும் அந்த மீனே இல்லை. அது டெரிகோப்ளிக்திஸ் என்ற வேறு இனம். அமேசானைச் சுற்றிவந்த பிரெஞ்சுக்காரர் காஸ்டெல்னோ 1855-இல் விவரித்த 'பார்டாலிஸ்', ஜெனீவாவின் வெபர் 1991-இல் விவரித்த 'டிஸ்ஜங்டிவஸ்' இரண்டும் இதில் அடக்கம். பெயர் பழசு, சரக்கு புதுசு.

80களில் பிரேசிலிலிருந்து புதுப்புது வகைகள் வந்து குவிந்தன. அறிஞர்கள் பெயர் வைக்கும்வரை வியாபாரம் காத்திருக்குமா? 1988-இல் 'டாட்ஸ்' என்ற ஜெர்மன் மீன்வளர்ப்பு இதழ் ஒரு வழி கண்டுபிடித்தது. ஒவ்வொரு வகையின் படத்தையும் போட்டு எல்-1, எல்-2 என்று எண் கொடுத்தது. நம் வருகைப் பதிவேடு மாதிரிதான். அதிலும் குழப்பம் வந்தது. எல்-1, எல்-22 இரண்டும் ஒரே மீன் என்று பிறகு தெரிந்தது. ஒரே பையனுக்கு இரண்டு அட்மிஷன் நம்பர்!

அந்தப் பட்டியலில் எல்-46 வரிக்குதிரை பிளெக்கோ. பிரேசிலின் ஷிங்கு ஆற்றில் மட்டுமே உண்டு. பெலோ மோன்டே அணையால் அதன் இருப்பிடமே ஆபத்தில் இருக்கிறது. 2022-இல் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரே குடும்பத்தில் ஒன்று சொந்த ஊரில் அழிகிறது, இன்னொன்று அந்நிய ஊரை அடைத்துக்கொள்கிறது.

அங்கே ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண். இங்கே எல்லாவற்றுக்கும் சேர்த்து 'டேங்க் கிளீனர்', இல்லையென்றால் 'சக்கர்'. விரல் நீளத்தில் இருக்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். வாங்கும் முன் மூன்று இடம் பாருங்கள்.

முதலில் முதுகுத் துடுப்பு. மீன் அதை விரிக்கும்போது போனில் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். முன்னால் கெட்டியாக ஒரு முள் இருக்கும். அதை விட்டுவிட்டுப் பின்னால் உள்ள மெல்லிய கதிர்களை எண்ணுங்கள். ஏழு எட்டு என்றால் ஹைப்போஸ்டோமஸ் அல்லது ஆன்சிஸ்ட்ரஸ். ஒன்பதுக்கு மேல், பத்து முதல் பதினான்கு வரை வந்தால் டெரிகோப்ளிக்திஸ். பாய்மரம் போல உயர்ந்த துடுப்பு அதன் அடையாளம்.

இரண்டாவது வயிறு. கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது நன்றாகத் தெரியும். தனித்தனிக் கரும்புள்ளி என்றால் பார்டாலிஸ், புழு நெளிந்தது போன்ற கோடு என்றால் டிஸ்ஜங்டிவஸ். இரண்டும் கலந்தவையும் உண்டு என்கிறார்கள். வளர்ப்பவருக்கு எதுவானாலும் ஒன்றுதான். இரண்டுமே ஒன்றரை அடி ஆகும்.

மூன்றாவது மூக்கு. ஆன்சிஸ்ட்ரஸ் ஆணுக்கு மூக்கின் மேல் கிளைகிளையாக மீசை முளைக்கும். பெண்ணுக்கு ஓரத்தில் கொஞ்சம் இருக்கும், இல்லாமலும் போகும். குஞ்சில் மீசை தெரியாது, அதனால் துடுப்பைத்தான் நம்ப வேண்டும். இது ஐந்தாறு அங்குலத்துக்கு மேல் போகாது. வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது இதுதான். கடைக்காரரிடம் 'பிரிசில்நோஸ்' என்று கேளுங்கள்.

வளர்ப்பும் எளிது. நூறு லிட்டர் தொட்டி, ஒளிந்துகொள்ள ஒரு மரக்கட்டை, ஒரு சிறு மண்பானை. இது பாசியை மட்டும் தின்று பிழைக்காது. இரவில் விளக்கணைத்தபின் ஒரு துண்டு வெள்ளரியோ லேசாக வேகவைத்த பீர்க்கங்காயோ போடுங்கள், காலையில் மீதியை எடுத்துவிடுங்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்பது பாதி உண்மை. தின்பதற்கு ஏற்ற கழிவும் போடும். வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீர் மாற்றியே ஆகவேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், முறிப்பு மருந்து கலந்து ஊற்றுங்கள்.

பெரியது ஏற்கெனவே வந்துவிட்டதா? அதற்கு நானூறு லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். முடியாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? நம் ஏரிகள் தனித்தனி இல்லை. ஒன்றின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரி நிரம்பும். நம் முன்னோர் வெட்டிய ஏற்பாடு அது. 1944-இல் கட்டிய பூண்டித் தண்ணீர் கால்வாய் வழியே சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் வரை போகிறது. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்திலேயே 2020-இல் கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் வந்தது. 2015 போல ஒரு வெள்ளம் வந்தால் ஒரு ஏரியின் மீன் எல்லா ஏரிக்கும் சொந்தம்.

இந்த மீன் மேலே வந்து காற்றைக் குடித்து வயிற்றால் சுவாசிக்கும். சாக்கடைத் தண்ணீரிலும் பிழைக்கும். கரையில் வளை தோண்டி முட்டையிடும், ஆண் மீன் காவல் இருக்கும். ஏரிக்கரைக்கு வளை என்ன செய்யும் என்று விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெக்சிகோவின் இன்ஃபியர்னியோ நீர்த்தேக்கத்தில் திலேப்பியா பிடித்துப் பிழைத்தவர்களின் தொழிலையே இது கெடுத்தது. கேரள நீர்நிலைகளில் தொட்டி மீன்கள் பரவியது பற்றி 2009-இலும், தீபகற்ப இந்தியா பற்றி 2010-இலும் ஆய்விதழ்களில் எழுதினார்கள். ஆந்திரா, தெலங்கானாவில் இதைப் 'பிசாசு மீன்' என்கிறார்கள். மீன்மேல் குற்றம் இல்லை. அமேசானில் அது பாட்டுக்கு இருந்தது.

மாணவர் அனுப்பிய படத்துக்கு வருகிறேன். துடுப்பில் எண்ணினேன், பன்னிரண்டு. "டெரிகோப்ளிக்திஸ்ப்பா, ஒன்றரை அடி ஆகும். ஏரியில விடாதே" என்று எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ நீங்கதானே சார் விடச் சொன்னீங்க?" என்று பதில் வந்தது.

"ஆமாம்ப்பா. நான் சொன்னது தப்பு" என்று எழுதினேன். 34 வருடம் பாடம் நடத்தியவனுக்கு அந்த ஒரு வரியை அனுப்ப அரைமணி நேரம் பிடித்தது. இப்போது வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டி கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். மூடி போடச் சொன்னேன். மழையில் வழிந்து வாய்க்காலுக்குப் போய்விடக் கூடாது.

அன்று வாளி தூக்கிய மற்றவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்தச் சனிக்கிழமைப் பாடத்தை அழித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள். இரக்கம் நல்லதுதான். எதன் மேல் இரக்கம், அதனால் யாருக்கு நட்டம் என்பதையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். உங்கள் வீட்டுத் தொட்டியில் இருப்பது எது என்று சந்தேகமா? துடுப்பு விரிந்த படம் ஒன்றை அனுப்புங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணிச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்