அலரும் ஒலிபரப்பும்

'பிராட்காஸ்ட்' வயலிலிருந்து வந்த சொல். விதையைக் கையால் அள்ளி நிலமெங்கும் தூவுவதுதான் அதன் பழைய பொருள். 1920களில் அது வானொலிக்குத் தாவியது. நாம் 'ஒலிபரப்பு' என்றோம், விதை உதிர்ந்துவிட்டது.

ஆனால் செடியோடு ஒட்டிய சொல் ஒன்று நம்மிடம் முன்பே இருந்தது: அலர். பூ விரிவதும் அலர், ஒரு பெண்ணின் காதல் ஊர்வாயில் விரிவதும் அலர். மொட்டாக, முணுமுணுப்பாக இருக்கும்வரை அது அம்பல். திருக்குறளில் 115ஆம் அதிகாரமே இதற்காகத்தான். ஊரார் பேச்சு எருவாக, தாயின் சொல் நீராகத் தன் காதல்நோய் வளர்கிறது என்கிறாள் தலைவி. வகுப்பில் மாணவிகள் சிரித்து ரசிக்கும் உவமை. எனக்கோ இற்செறிப்புதான் உறுத்தும். அரசனின் செய்தியை அவன் ஆணைப்படி முரசறைந்து சொன்னார்கள். தலைவியின் செய்தியை அவளைக் கேளாமலே ஊர் பரப்பியது. வீட்டுக்குள் அடைபட்டவள் அவள். இன்றும் அலைபேசியில் ஒரு படம் பரவினால் படிப்பு நிற்பது பெரும்பாலும் பெண்ணுக்குத்தான்.

பரப்புகிற பெண் என்றால் எனக்கு உஷா மேத்தா நினைவுக்கு வருவார். 1942, பம்பாய். காந்தியும் மற்ற தலைவர்களும் சிறையில். 22 வயது உஷா தோழர்களோடு சேர்ந்து 42.34 மீட்டரில் ரகசியக் காங்கிரஸ் வானொலியை நடத்தினார். போலீஸ் மோப்பம் பிடிக்காதிருக்க இடம் மாற்றிக்கொண்டே, ஏறத்தாழ மூன்று மாதம். தணிக்கைக்கு அஞ்சிப் பத்திரிகைகள் விட்ட செய்திகள் அதில் வந்தன. நவம்பர் 12 அன்று பிடிபட்டார். 1946 வரை சிறை.

மாதக்கணக்கில் விசாரித்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை.