குறியீடற்ற ஆர்.என்.ஏ.வும் செல் நெருக்கடியும்

வெப்பம், நச்சு உலோகம், புற ஊதாக் கதிர், டி.என்.ஏ. முறிவு போன்றவை செல்லைத் தாக்கும்போது, புரதம் எதையும் உண்டாக்காத, அதாவது குறியீடற்ற, சில ஆர்.என்.ஏ.க்கள் அதில் பெருகுகின்றன. மரபணுக்களின் வழக்கமான வேலையை நிறுத்தி வைப்பதிலும், குரோமோசோம்கள் முறியாமலும் எண்ணிக்கை பிறழாமலும் காப்பதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. பழ ஈயின் ஹெச்.எஸ்.ஆர். ஒமேகா, மனித செல்லின் சாட்டிலைட் 3, டெரா, நோராட் ஆகியவை இவ்வகையில் நன்கு ஆராயப்பட்டவை.

வரலாறு

இத்தாலிய மரபியலர் ஃபெருச்சியோ ரித்தோசா 1960களின் தொடக்கத்தில் பழ ஈப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஆராய்ந்துவந்தார். அச்சுரப்பிச் செல் பிரியாமலேயே அதன் டி.என்.ஏ. ஏறத்தாழ ஆயிரம் படிகளாகப் பெருகுவதால், குரோமோசோம்கள் சாதாரண நுண்ணோக்கியிலேயே பட்டை பட்டையாகத் தெரியும். மரபணு மும்முரமாக இயங்கும் இடம் உப்பிக் காணப்படும். ஒருநாள் வளர்ப்புப் பெட்டியின் வெப்பநிலையை உடன் பணியாற்றியவர் ஒருவர் கூட்டிவிட, வழக்கமில்லாத இடங்களில் உப்பல்கள் எழுந்திருந்தன. ரித்தோசா அதைத் தற்செயல் என்று தள்ளிவிடவில்லை. வெப்பம் மட்டுமன்றி டைநைட்ரோஃபீனால் என்ற வேதிப்பொருளும் அதே உப்பல்களை எழுப்புவதைக் காட்டினார். கட்டுரையை முதலில் பெற்ற இதழ் முக்கியத்துவம் இல்லை என்று திருப்பியனுப்பியது. 1962இல் 'எக்ஸ்பீரியன்ஷியா' இதழ் அதை வெளியிட்டது.

1974இல் டிசியேர் என்ற ஆய்வாளரின் குழுவினர் வெப்பத்தில் பெருகும் 'வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை'க் கண்டறிந்தபின் ஆய்வுலகம் புரதங்களின் பின்னே போய்விட்டது. ஒவ்வோர் உப்பலுக்கும் உரிய புரதம் தேடப்பட்டது. மூன்றாம் குரோமோசோமின் 93டி உப்பல் மட்டும் இந்தக் கணக்கில் அடங்கவில்லை. வெப்பத்தில் எழும் பேருப்பல்களுள் அதுவும் ஒன்று. ஆனால் அதற்கென ஒரு புரதம் அகப்படவில்லை.

இதில் இந்தியர் பங்கு பெரிது. பென்சமைடு என்ற வேதிப்பொருள் மற்ற வெப்ப உப்பல்களைத் தொடாமல் 93டியை மட்டும் எழுப்புகிறது என்பதை எஸ்.சி. லகோட்டியாவும் ஏ.எஸ். முகர்ஜியும் 1970இலேயே அறிவித்திருந்தனர். பின்னர் வாரணாசியில் காசி இந்து பல்கலைக்கழகத்தில் லகோட்டியா அமைத்த ஆய்வுக்கூடம், 93டி முனைந்து இயங்கும்போதும் புதிய புரதம் எதுவும் தோன்றுவதில்லை என்று 1982இல் காட்டியது. நெடிய குறியீடற்ற ஆர்.என்.ஏ. என்ற வகையே வகுக்கப்படாத காலம் அது; முடிவுக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. 93டியில் உள்ள மரபணுவே இன்று ஹெச்.எஸ்.ஆர். ஒமேகா எனப்படுகிறது. ஏறத்தாழ 280 எழுத்துகள் கொண்ட ஒரு தொடர் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட நீண்ட ஆர்.என்.ஏ.வை இது தருகிறது. அந்த ஆர்.என்.ஏ. செல் உட்கருவை விட்டு வெளியேறுவதில்லை. பிற ஆர்.என்.ஏ.க்களைப் பக்குவப்படுத்தும் புரதங்களைத் தன்னோடு சேர்த்து 'ஒமேகா புள்ளி'களாக வைத்திருக்கிறது என்று அதே கூடம் 2000இல் விளக்கியது. வெப்பம் ஏறினால் அப்புரதங்கள் 93டியில் போய்க் குவிகின்றன. தணிந்தால் மீண்டும் புள்ளிகளாகின்றன.

வகைப்பாடு

குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்களில் 200 நியூக்ளியோடைடுகளுக்கு (எழுத்துகளுக்கு) மேற்பட்டவை நெடியவை, குறைந்தவை குறியவை. வசதிக்காகப் போட்ட கோடுதான் இது. ஏறத்தாழ 22 எழுத்து நீளமுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. குறியவற்றுள் பெயர்பெற்றது. நெருக்கடியில் கடத்தி ஆர்.என்.ஏ.யும் ஆஞ்சியோஜெனின் என்ற நொதியால் இரு பாதிகளாக வெட்டப்பட்டு இவ்வரிசையில் சேர்கிறது.

மனித செல்லில்

ஒமேகாவுக்கு இணையான வேலையை மனிதனில் சாட்டிலைட் 3 செய்கிறது. 9ஆம் குரோமோசோமின் நடுப்பகுதியை ஒட்டி இறுகிக் கிடக்கும் இத்தொடர், 42 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஹெச்.எஸ்.எஃப். 1 என்ற புரதம் வந்து பற்றியதும் ஆர்.என்.ஏ.வாக எழுதப்படத் தொடங்குகிறது. இரண்டு ஆய்வுக்குழுக்கள் 2004இல் இதை வெளியிட்டன. காட்மியமும் புற ஊதாக் கதிரும் இதைத் தூண்டுகின்றன. உண்டான ஆர்.என்.ஏ. பிறந்த இடத்திலேயே தங்கி, ஆர்.என்.ஏ.க்களைப் பக்குவப்படுத்தும் புரதங்களைக் கூட்டி, 'உட்கரு நெருக்கடித் திரள்' ஆகிறது. முன்பு பயனற்ற டி.என்.ஏ. எனப்பட்ட இப்பகுதியை இனி அப்படிச் சொல்வது பொருந்தாது.

குரோமோசோம் நிலைப்பு

இத்தகைய தொடர்கள் அளவறிந்து விழித்தால்தான் நன்மை. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ. 1 மரபணு பழுதானால் சாட்டிலைட் தொடர்கள் கட்டவிழ்ந்து எழுதப்படுவதும், அதனால் டி.என்.ஏ. முறிவு பெருகுவதும் 2011இல் தெரியவந்தன. எழுதப்பட்ட ஆர்.என்.ஏ. தன் டி.என்.ஏ.வோடு ஒட்டி 'ஆர் வளையம்' ஆகிவிட்டால், நகலெடுக்கும் நொதிகள் அதில் மோதி நிற்கும். முறிவுக்கு இது ஒரு காரணம்.

குரோமோசோம் முனைகளில் எழுதப்படும் டெரா 2007இல் அறியப்பட்டது. வெப்பத்தில் ஹெச்.எஸ்.எஃப். 1 இதையும் பெருக்கி முனைகளைக் காக்கிறது.

நோராட் என்பது டி.என்.ஏ. சேதத்தின்போது கூடும் ஆர்.என்.ஏ. 2016இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் இதை நீக்கிப் பார்த்தபோது செல்களில் குரோமோசோம் எண்ணிக்கை தாறுமாறானது. பூமிலியோ புரதங்களை நோராட் பிடித்து வைக்கிறது. பிடி தளர்ந்தால் அவை செல்பிரிதலுக்கும் டி.என்.ஏ. சீரமைப்புக்கும் வேண்டிய மரபணுக்களை அடக்கிவிடுகின்றன.

குரோமோசோம் பிறழ்வு புற்றுநோயோடு தொடர்புடையது என்பதால், அந்நோயைக் கண்டறிய இந்த ஆர்.என்.ஏ.க்களைப் பயன்படுத்தும் முயற்சிகளும் நடைபெறுகின்றன.