மணல் தீவில் விடப்பட்டவர்கள்

மடகாஸ்கரின் கிழக்குக் கரையிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலில் ஒரு மணல் திட்டு கிடக்கிறது. நீளம் 1,700 மீட்டர், அகலம் 700 மீட்டர். அதன் மிக உயர்ந்த இடமே 7 மீட்டர்தான். நிழலுக்கு ஒதுங்க ஒரு மரம் கிடையாது. குட்டைப் புதர்கள், ஆலாப் பறவைகள், முட்டையிட வரும் கடல் ஆமைகள், அவ்வளவுதான். 1722இல் ஒரு பிரெஞ்சுக் கப்பல் இதைக் கண்டது. 'மணல் தீவு' என்று பெயர் விழுந்தது. கரையைவிட்டுக் கொஞ்சம் விலகினாலே கடல் கிடுகிடு ஆழம். நங்கூரம் போட்டால் நிற்காது. தென்கிழக்குக் காற்று ஓயாமல் அலையை ஏவிக்கொண்டிருப்பதால் படகு இறக்குவதும் உயிரைப் பணயம் வைக்கிற வேலை.

இனி 1761ஆம் ஆண்டுக்கு வருவோம். ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் ஏழாண்டுப் போர் நடக்கிறது. ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. அடுத்த குறி மொரீஷியஸ்தான் என்ற கவலை அந்தத் தீவின் பிரெஞ்சு ஆளுநர் தெஃபோர்ஷ் பூஷேயைப் பிடித்துக்கொண்டது. முற்றுகை வந்தால் இருக்கிற சோற்றைப் பங்கு போட வாய்கள் குறைவாக இருக்கட்டும் என்று, வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரத் தடை போட்டார். மனம் இளகி எடுத்த முடிவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது தானியக் கணக்கு.

உணவுப் பொருள் வாங்கிவர மடகாஸ்கருக்குப் போன 'யூட்டில்' என்ற பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலின் தலைவர் லஃபார்க், அந்தத் தடையைக் காற்றில் விட்டார். ஃபுல்புவான்த் துறைமுகத்தில் ஏறத்தாழ 160 மலகாசி ஆண்களையும் பெண்களையும் திருட்டுத்தனமாக விலைக்கு வாங்கி ஏற்றிக்கொண்டார். கள்ளச் சரக்கு என்பதால் வழக்கமான பாதையிலும் போக முடியாது. கப்பலிலிருந்த இரண்டு வரைபடங்கள் மணல் தீவை இரண்டு வெவ்வேறு இடங்களில் காட்டின. இரவிலாவது நிதானித்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. ஜூலை 31 இரவு கப்பல் பவளத்திட்டில் மோதியது.

அடிமைகள் கலகம் செய்துவிடக் கூடாதென்று கீழ்த்தட்டின் மூடிகளை ஆணியடித்து வைத்திருந்தார்கள். மாலுமிகள் பெரும்பாலும் கரை சேர்ந்தார்கள். கீழே அடைபட்டவர்களில் பலர் அங்கேயே மூழ்கினார்கள். கப்பல் பிளந்த பிறகுதான் மற்றவர்களுக்கு வழி கிடைத்தது. கரையிலும் பாகுபாடு நிற்கவில்லை. கிணறு தோண்டி உவர்ப்பு நீர் ஊறும்வரை, மிஞ்சிய குடிநீர் வெள்ளையருக்கு மட்டும். தாகத்தில் மேலும் சில மலகாசிகள் செத்தார்கள்.

துணைத் தலைவர் கஸ்தெலான் பொறுப்பேற்று, உடைந்த கப்பலின் மரத்தைக் கொண்டே ஒரு படகு கட்டவைத்தார். மலகாசிகளும் கூட நின்று உழைத்தார்கள். செப்டம்பர் 27 அன்று 122 பிரெஞ்சுக்காரர்கள் அதில் நெருக்கியடித்து ஏறினார்கள். மூன்று மாத உணவோடும், திரும்பி வருவோம் என்ற வாக்கோடும் சுமார் 60 மலகாசிகள் கரையில் நின்றார்கள்.

கஸ்தெலான் மொரீஷியஸ் சேர்ந்ததும் ஒரு கப்பல் கேட்டார். ஆளுநர் மறுத்துவிட்டார். கள்ளச் சரக்குக்கு ஒரு கப்பலை அனுப்புவதா, அதுவும் போர்க்காலத்தில்? இந்த வரலாற்றில் கடலைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் அந்தத் தீவை அத்தனை தூரத்துக்குத் தள்ளியது துறைமுகத்து மேசை ஒன்றில் எடுத்த முடிவுதான். போர் 1763இல் முடிந்தது. அப்போதும் கப்பல் புறப்படவில்லை.

தீவில் விடப்பட்டவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதை 2006 முதல் தொல்லியலாளர் மாக்ஸ் கெரூவின் குழு நடத்திய அகழாய்வு காட்டியது. புயலுக்குத் தாங்கும்படி பவளக்கல்லாலும் கடற்கரைப் பாறையாலும் தடித்த சுவர் எழுப்பி, ஒரு முற்றத்தைச் சுற்றிச் சிறுசிறு அறைகள் கட்டியிருந்தார்கள். மடகாஸ்கரில் கல் கட்டடம் இறந்தவர்களுக்கு உரியது; உயிரோடிருப்பவர்கள் அதில் குடியிருப்பதில்லை. பழக்கத்தை மீறித்தான் வாழ வேண்டியிருந்தது. சாப்பாடு ஆலாவும் ஆமையும். மண்ணில் கிடைத்த செப்புக் கிண்ணங்களைப் பார்க்க வேண்டும்: ஓட்டை விழுந்த இடத்தில் செப்புத் தகட்டை வெட்டிப் பொருத்தி, சிறு துண்டுகளைச் சுருட்டி ஆணியாக்கி இறுக்கியிருக்கிறார்கள். ஒரே கிண்ணத்தில் ஒட்டின் மேல் ஒட்டு. தூக்கியெறிந்தால் வேறு கிண்ணம் ஏது?

1775இல் வந்த 'சோத்தரேல்' கப்பலால் நெருங்க முடியவில்லை. அதன் மாலுமி ஒருவர் தீவிலேயே சிக்கிக்கொண்டார். பிறகு அவரும் மூன்று ஆண்களும் மூன்று பெண்களும் ஒரு மிதவை கட்டிக் கிளம்பினார்கள். அவர்களைப் பற்றி அதன்பின் தகவலே இல்லை. 1776 நவம்பர் 29 அன்று ட்ரோமெலின் என்ற கடற்படை அதிகாரியின் 'தொஃபின்' கப்பல் வந்தபோது எஞ்சியிருந்தவர்கள் ஏழு பெண்களும் எட்டு மாத ஆண் குழந்தை ஒன்றும். உடுத்தியிருந்தது பறவை இறகால் பின்னிய துணி. சட்டவிரோதமாக வாங்கப்பட்டதால் இவர்கள் அடிமைகளே அல்ல என்று மொரீஷியஸ் நிர்வாகி மையார் அறிவித்தார். 15 ஆண்டுகளுக்கு முன் அவர்களைக் கைவிடக் காட்டிய அதே காரணம்தான் இப்போது விடுதலைக்கும் உதவியது. மடகாஸ்கருக்கு அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு அவர்கள் வேண்டாம் என்றார்கள். 1781இல் பிரெஞ்சுத் தத்துவஞானி கொந்தோர்சே அடிமை முறையை எதிர்த்து எழுதிய நூலில் இவர்கள் கதையையும் எடுத்துக்காட்டினார்.

தீவுக்கு, மீட்க வந்த ட்ரோமெலினின் பெயரே நிலைத்துவிட்டது. 1954 முதல் அங்கே பிரான்ஸின் வானிலை நிலையம் இருக்கிறது. மொரீஷியஸ் அதைத் தன்னுடையது என்கிறது. 2010இல் இரு நாடுகளும் போட்ட கூட்டு நிர்வாக ஒப்பந்தம் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர் மணலைச் சுற்றி சுமார் 2,80,000 சதுர கிலோமீட்டர் கடலுரிமை இருக்கிறதல்லவா, சூரை மீனோடு.