கிரானடாவிலிருந்து மாஞ்சோலை வரை

ஹிஜ்ரி 897, கி.பி. 1492. அந்தலூஸின் கடைசி முஸ்லிம் அரசான கிரானடா வீழ்ந்த ஆண்டு. மதரஸாவில் இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் நாம் கலங்கிய குரலில் நிறுத்திக்கொள்வதே வழக்கம். ஒருமுறை மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், அதே ஆண்டில்தானே கொலம்பஸையும் அவர்கள் அனுப்பினார்கள்? அந்தக் கரையில் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று?" என்று வினவினார். நம் துயரத்தோடு வரலாற்றை முடித்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

அந்தக் கரையில் நடந்தவற்றுள் ஒன்றைச் சொல்வோம். பெருவை ஆண்ட ஸ்பானிய ஆளுநர் தொலேதோ, இன்கா காலத்து ஊழிய முறை ஒன்றை 1573இல் தம் தேவைக்கேற்ப மாற்றினார். 'மீத்தா' என்று அதற்குப் பெயர். குறிப்பிட்ட மாவட்டங்களின் பூர்வகுடி ஊர்கள், வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒருவரை பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்திற்கோ குவாங்காவெலிகா பாதரசச் சுரங்கத்திற்கோ அனுப்பியாக வேண்டும். 1812இல் இம்முறை ஒழிந்தது. ஆயினும் மீத்தா எல்லைக்கு உட்பட்டிருந்த ஊர்களின் குடும்பங்கள், எல்லைக்குச் சற்று அப்பால் இருப்போரைவிட இன்றும் ஏறத்தாழ கால் பங்கு குறைவாகவே நுகர்கின்றன என்று பொருளியல் ஆய்வாளர் மெலிசா டெல் கணக்கிட்டுக் காட்டினார். சாலை வசதியும் அவ்வூர்களுக்குக் குறைவாகவே வந்து சேர்ந்திருந்தது. சட்டம் மாண்டு இருநூறு ஆண்டுகள் கடந்தும் அதன் எல்லைக்கோடு மக்களின் அடுப்படியில் தெரிகிறது.

இதைப் புரிந்துகொள்ள நாம் பெருவுக்குப் போகவேண்டியதில்லை. மணிமுத்தாறு அணையிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் போதும்.

அணைக்கு மேலுள்ள காடுகள் சிங்கம்பட்டி ஜமீனுக்கு உரியவையாக இருந்தன. 1929இல் அவற்றுள் ஏறத்தாழ 8,374 ஏக்கரை, 99 ஆண்டுக் குத்தகைக்கு பாம்பே பர்மா வர்த்தகக் கழகம் பெற்றது. வழக்குச் செலவால் ஏறிய கடனே ஜமீனை இதற்குத் தள்ளியது என்பது இவ்வட்டாரத்துப் பேச்சு. குத்தகை எடுத்த நிறுவனத்தின் முன்கதையும் அறியத்தக்கது. வாலஸ் சகோதரர்கள் 1863இல் தொடங்கிய அது, பர்மாவின் தேக்கு மரத்தில் வளர்ந்தது. அந்தத் தேக்கு தொடர்பாக பர்மா அரசு விதித்த அபராதத்தைச் சாக்காக வைத்தே 1885இல் ஆங்கிலேயர் போர் தொடுத்தனர். தீபா மன்னர் ரத்னகிரிக்கு நாடு கடத்தப்பட்டார்.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனத் தோட்டங்கள் எழுந்தன. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர் யார்? பெரும்பாலோர் சமவெளியின் நிலமற்ற தலித் மக்கள். தாமிரபரணிக் கால்வாய்கள் பாய்ந்த நன்செயில் பெரும்பகுதி கோயில், மடம், மேல்சாதியார் கைகளில் இருந்தது. வயலில் உழைத்தவருக்கு வரப்புகூடச் சொந்தமில்லை. கங்காணி அழைத்ததும் அவர்கள் மலையேறியதில் வியப்பில்லை. சாதியை அந்நியர் உண்டாக்கவில்லை. இருந்த சாதியை மலிவான உழைப்பாகக் கணக்கில் எழுதிக்கொண்டனர், அவ்வளவே.

விடுதலைக்குப் பின் நடந்ததுதான் நம் பார்வையில் இக்கதையின் கனமான பகுதி. 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டம் உழுத குடியானவருக்கு உரிமை தர வழி செய்தது. ஆனால் தோட்டத் தொழிலாளி குடியானவர் அல்லர், கூலிக்காரர். ஆகவே ஜமீனின் இடத்தில் அரசு வந்தது, குத்தகை அப்படியே நின்றது. கொழுந்து பறித்த கைகளுக்கு ஒரு சென்ட் நிலமும் சேரவில்லை. லைன் வீடும் வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் இல்லை. தகப்பன் ஓய்வு பெறுமுன் மகன் தோட்டத்தில் பெயர் கொடுத்தால்தான் குடும்பத்திற்குக் கூரை. இப்படித்தான் ஒரு தலைமுறையின் வறுமை அடுத்த தலைமுறைக்குச் சீதனமாகப் போயிற்று.

1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வு கேட்டும் சிறையிலிருந்த தொழிலாளரை விடுவிக்கக் கோரியும் நெல்லை ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் சென்றது. காவல்துறையின் தடியடிக்கு அஞ்சி ஆற்றில் இறங்கியவர்களுள் பதினேழு பேர் மாண்டனர். அவர்களில் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு. நாம் ஒளூச் செய்யும் அதே தாமிரபரணிதான். நம் வீடுகளில் அந்நாள் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? கிரானடாவின் தேதியை நம் பிள்ளைகள் தவறாமல் ஒப்பிக்கிறார்கள்.

இன்று தோட்டம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் நடுவே இருக்கிறது. 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வு கொடுத்துத் தொழிலாளரை இறங்கச் சொன்னது. தோட்டத்தை அரசின் தேயிலைக் கழகம் ஏற்று நடத்த வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கையை அவ்வாண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. மறுவாழ்வு உதவிகளை அளிக்கப் பணித்தது. காடு மீள்வது நன்றே. அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. எனினும் காட்டை அழித்த இலாபம் ஒருவருக்கும், காட்டைத் திருப்பித் தரும் சுமை இன்னொருவருக்கும் போய்ச் சேர்ந்தது ஏன் என்ற வினா நிற்கிறது.

பெருநாள் விடுமுறையில் நம் குடும்பங்கள் அருவிக்குச் செல்லும் வழி அதுவே. சென்ற முறை போனபோது, கிரானடா பாடத்தில் வினா எழுப்பிய அதே மாணவர், அந்தக் குத்தகைப் பத்திரத்தில் தொழிலாளருக்கு என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். பத்திரத்தின் தரப்பினர் இருவரே, ஜமீனும் நிறுவனமும், என்றோம். அதன் தவணை 2028 பிப்ரவரியில் முடிகிறது.