தொலைநிலை அணுகலின் பாதுகாப்பு இடர்கள்

தொலைநிலை அணுகல் என்பது ஓரிடத்தில் உள்ள கணினியை வேறோர் இடத்திலிருந்து வலையமைப்பின் வழியாக இயக்குவதாகும். அலுவலகக் கணினியை வீட்டிலிருந்து இயக்குவது இதன் பரவலான பயன்பாடு. 2020 இல் கோவிட்-19 பெருந்தொற்றின்போது பல நாடுகளில் இது பெருமளவில் கூடியது. இம்முறையில் வீட்டுக் கணினி, இணைய வழி, அலுவலக வாயில் ஆகிய மூன்றில் எது தளர்ந்தாலும் அலுவலக வலையமைப்பு ஆபத்துக்கு உள்ளாகலாம்.

== செயற்படும் முறை ==

தொலைநிலை அணுகல் மென்பொருள் அலுவலகக் கணினியின் திரைக்காட்சியை வீட்டுக்கு அனுப்புகிறது. வீட்டில் அழுத்தும் விசைகளையும் சுட்டியின் அசைவுகளையும் அலுவலகத்துக்குக் கொண்டு செல்கிறது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆர்.டி.பி நெறிமுறை இவ்வகையைச் சேர்ந்தது. இதன் இயல்பான போர்ட் எண் 3389 ஆகும். கட்டளை வரி வழியாகக் கணினியை இயக்குவதற்கு முன்னர் பயன்பட்ட டெல்நெட், கடவுச்சொல்லை மறையாக்கம் செய்யாமல் அனுப்பியது. இக்குறையை நீக்க 1995 இல் பின்லாந்தில் எஸ்.எஸ்.எச் உருவாக்கப்பட்டது.

வி.பி.என் எனப்படும் மெய்நிகர் தனியார் வலையமைப்பு, வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே மறையாக்கம் செய்யப்பட்ட பாதையை அமைக்கிறது. அது காப்பது பாதையை மட்டுமே. பாதையின் இரு முனைகளையும் அது காப்பதில்லை.

== முதன்மை இடர்கள் ==

* '''திறந்த போர்ட்:''' 3389 போர்ட் இணையத்துக்கு நேரடியாகத் திறந்திருந்தால், தானியங்கி நிரல்கள் அதைக் கண்டறிந்து கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும்.
* '''கடவுச்சொல் மறுபயன்பாடு:''' வேறொரு தளத்திலிருந்து கசிந்த கடவுச்சொல்லையே அலுவலகத்திலும் பயன்படுத்தினால், ஊடுருவுநர் முறையான பயனர் போலவே நுழைய முடியும்.
* '''மென்பொருள் வழு:''' 2019 மே மாதம் அறிவிக்கப்பட்ட புளூகீப் வழு, பழைய விண்டோஸ் பதிப்புகளில் கடவுச்சொல் இன்றியே ஆர்.டி.பி வழியாக நிரலை இயக்க இடமளித்தது. ஆதரவு முடிந்துவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது.
* '''வீட்டுக் கணினியில் நச்சுநிரல்:''' விசைப்பதிவு நிரல், அழுத்தும் விசைகளை அவை மறையாக்கம் செய்யப்படுவதற்கு முன்பே பதிவு செய்துவிடும்.

== குறிப்பிடத்தக்க நிகழ்வுகள் ==

'''கொலோனியல் பைப்லைன் (2021):''' ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டு செல்லும் இந்நிறுவனம், பணயம் கேட்கும் நச்சுநிரலால் தாக்கப்பட்டு, மே 7 அன்று குழாய்வழியை நிறுத்தியது. மே 12 அன்றே மீண்டும் இயக்கத் தொடங்கியது. பயன்பாட்டில் இல்லாதபோதும் முடக்கப்படாமல் இருந்த ஒரு வி.பி.என் கணக்கின் வழியாகத் தாக்குநர் நுழைந்தனர். அக்கணக்குக்குக் கடவுச்சொல் மட்டுமே காவலாக இருந்தது. இரண்டாம் படிச் சரிபார்ப்பு இல்லை. நிறுவனம் 75 பிட்காயின் பணயம் செலுத்தியது. அதில் 63.7 பிட்காயினை அமெரிக்க நீதித்துறை அதே ஆண்டு சூன் மாதம் மீட்டது.

'''லாஸ்ட்பாஸ் (2022):''' கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் சேவையை வழங்கும் இந்நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினி தாக்கப்பட்டது. அதிலிருந்த ஊடக மென்பொருளின் வழுவைப் பயன்படுத்தித் தாக்குநர் விசைப்பதிவு நிரலை நிறுவினர். பொறியாளர் பல படிச் சரிபார்ப்பை முடித்து உள்நுழைந்தபோது, அவருடைய முதன்மைக் கடவுச்சொல் பதிவாகியது. வாடிக்கையாளர் தரவுகளின் காப்புப் படிகள் களவாடப்பட்டன. வீட்டுக் கணினியே கைப்பற்றப்பட்டால் இரண்டாம் படிச் சரிபார்ப்பும் போதாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

== தற்காப்பு முறைகள் ==

# ஆர்.டி.பி போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறவாமல், வி.பி.என் அல்லது நுழைவாயில் வழங்கியின் பின்னால் வைத்தல். போர்ட் எண்ணை மாற்றுவது மட்டும் போதாது.
# எல்லாக் கணக்குகளுக்கும் இரண்டாம் படிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குதல்.
# விலகிய ஊழியர்களின் கணக்குகளையும் பயன்படாத கணக்குகளையும் உடனே முடக்குதல்.
# வீட்டினர் பொதுவாகப் பயன்படுத்தும் கணினியைத் தவிர்த்து, அலுவலகம் பராமரிக்கும் மடிக்கணினியை மட்டும் பயன்படுத்துதல்.
# இயங்குதளம், வி.பி.என் கருவி, வீட்டு வழிச்செயலி ஆகியவற்றை உரிய காலத்தில் இற்றைப்படுத்துதல்.
# ஒவ்வொரு பயனருக்கும் அவர் பணிக்குத் தேவையான கணினிகளை மட்டும் திறந்துவிடுதல். இதனால் ஒரு கணக்கு பறிபோனாலும் சேதம் வலையமைப்பு முழுவதும் பரவுவது கடினமாகும்.