காண்டன் மொழியில் ஏடும் நாவும்



சீனத்தின் தென்கோடியில் காண்டன் நகரிலும், ஹாங்காங்கிலும், மக்காவிலும் வழங்கும் மொழிக்குக் காண்டனீஸ் என்று பெயர். அதனைக் கற்கப் புகும் அயலான் தொடக்கத்திலேயே திகைத்து நிற்பான். 'ஆகும்' என்னும் பொருள்பட ஏட்டில் இருப்பது 'ஸீ'. கடைத்தெருவில் ஒலிப்பதோ 'ஹை'. மறுத்துக் கூற ஏட்டில் 'பத் ஸீ'. நாவில் 'ம் ஹை'. ஏட்டுச் சொல்லைக் காண்டனீஸ் ஒலியிலேயே உரக்கப் படிக்கலாம். அதையே பேசினால், புத்தகம் வாசிக்கிறான் என்றே அயலார் கருதுவர்.

இரட்டை வழக்கு தமிழராகிய நமக்குப் புதிதன்று. அங்கே அது வளர்ந்த கதை வேறு. 1917-இல் ஹூ ஷீ என்னும் அறிஞர், பண்டை இலக்கிய நடையை விடுத்துப் பேச்சு நடையில் எழுத வேண்டும் என்று வாதிட்டார். 1919-இல் எழுந்த மே நான்கு இயக்கம் அக்கருத்தை எங்கும் பரப்பிற்று. நல்ல கொள்கைதான், ஆனால் யாருடைய பேச்சு? வடசீனத்தார் பேச்சே புதிய உரைநடைக்கு அடிப்படையாயிற்று. பீகிங் சிறுவனுக்குச் சுமை குறைந்தது. காண்டன் சிறுவனோ ஒரு சுமையை இறக்கி மற்றொன்றை ஏற்றுக்கொண்டான். தன் தாயிடம் பேசும் சொல்லை அவன் கட்டுரையில் எழுதினால் அது பிழையாயிற்று.

அச்சொற்களைக் கொச்சை என்பாரும் உண்டு. நெடுநாள் பள்ளியில் பணி செய்த என்னால் அதை ஏற்க இயலவில்லை. உண்பதற்குப் புதிய ஏட்டுச் சொல் 'ஹெக்', குடிப்பதற்கு 'ஹோத்'. காண்டன் அடுக்களையில் வழங்குவன 'ஸிக்', 'யாம்' என்பவை. இவ்விரண்டும் பழஞ்சீன நூல்களிலேயே பயின்ற சொற்கள்! 'ஜௌ' என்பதற்குப் பண்டை நூல்களில் ஓடுதல் என்று பொருள். புதிய ஏட்டில் அது நடத்தலைக் குறிக்கலாயிற்று. காண்டன் மக்களோ ஓடுதலுக்கும் புறப்படுதலுக்குமே அதனை ஆள்கின்றனர். நடப்பதற்கு 'ஹாங்' என்னும் தனிச்சொல் வைத்திருக்கின்றனர். ஏடு மறந்த பழமையை நாக்கு காத்திருக்கிறது.

பேச்சு மொழியைத் தனியே கற்க வேண்டும் என்பதை அயல்நாட்டார் முன்னரே உணர்ந்தனர். ராபர்ட் மாரிசன் என்னும் பாதிரியாரின் காண்டன் சொற்றொகுதி 1828-இல் மக்காவில் அச்சாயிற்று. டயர் பால் என்பார் 1883-இல் ஹாங்காங்கில் ஒரு பாடநூல் வெளியிட்டார்.

பேச்சு வழக்கினுள்ளும் நுட்பங்கள் உண்டு. பரிசு பெற்றால் 'தோ-ஜே' என்று நன்றி கூறுவர். தேநீர் கொணர்ந்து வைத்தவருக்கு 'ம்-கோய்' என்பர். இரண்டையும் மாற்றிச் சொல்லும் மாணவனை உடனே அயலான் என்று கண்டுகொள்வர்.

1974-இல் ஹாங்காங்கில் ஆங்கிலத்தோடு சீனமும் ஆட்சிமொழியாயிற்று. எந்தப் பேச்சு என்று சட்டம் சொல்லவில்லை. 1999-இல் அரசு, கணினிக்கென்று ஒரு கூடுதல் எழுத்துத் தொகுதியை வெளியிட்டது. ஏடு புறக்கணித்த காண்டன் பேச்சுச் சொற்களுக்குரிய எழுத்துகள் பலவும் அதில் இடம்பெற்றன.